சென்னையில் ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் சென்னையின் கலைக்கூடங்களுக்குப் போய்வருவது பல ஆண்டுகளாக என் வழக்கம். உறவினர்கள், அலுவலக நண்பர்கள், எங்கள் தெருப் பிள்ளைகள் என யாராவது உடன் வருவார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உள்ளே போகக் கட்டணம் உண்டா?

தனியார் கலைக்கூடங்களில் பொதுவாகக் கட்டணம் கிடையாது. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் கண்காட்சிகளையும் இலவசமாகவே பார்க்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். ஈஞ்சம்பாக்கத்து ஓவியர் கிராமமான சோழமண்டலத்தில் அருங்காட்சியகப் பகுதிக்கு மட்டும் ஒரு சிறு தொகை.

வாங்கப் போவதில்லை என்று தெரிந்தால் முகம் சுளிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். ஆனால் இந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரியும். நுங்கம்பாக்கத்தில் ஒரு கலைக்கூடத்தின் கண்ணாடிக் கதவு வரை போய்விட்டு நான் திரும்பி வந்திருக்கிறேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பார்வையாளர் என்று ஒருவர்கூட இல்லை. மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்ற வேண்டுமா, பெயர் சொல்ல வேண்டுமா, எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போனேன். அதே பெண் நிமிர்ந்து, ‘பாருங்கள்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

நகைக்கடையில் நுழைந்தால் நம் பின்னாலேயே ஒருவர் வருவார். இங்கே அப்படி யாரும் வருவதில்லை. ஒரு கண்காட்சி நடத்துகிறவர்களுக்குப் படம் விற்பது எவ்வளவு முக்கியமோ, வந்து பார்க்க மனிதர்கள் இருப்பதும் அவ்வளவு முக்கியம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பெரிய பை இருந்தால் வாசலில் வைக்கச் சொல்லலாம். வெளியே வரும்போது வருகையாளர் ஏட்டில் உங்களுக்குத் தோன்றியதைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். ஓவியர்கள் அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓவியம் பற்றி எதுவுமே தெரியாது. எங்கே தொடங்குவது?

எழும்பூரில். அதுவும் நவீன ஓவியத்தில் வேண்டாம். அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் தொடங்குங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று, தோளில் புறப்படும் ஒரு கோடு இடுப்பில் வளைந்து பாதம்வரை எப்படி இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரே உடலில் வலப்பக்கக் கோடு ஒரு விதமாகவும் இடப்பக்கக் கோடு வேறு விதமாகவும் ஓடும். திருவாலங்காட்டு நடராசரும் இங்கேதான் இருக்கிறார். அதே கண்ணோடு, அதே வளாகத்தில் இருக்கும் தற்காலக் கலைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அருங்காட்சியகத்திலிருந்து சிறிது தூரத்தில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சவுத்ரி அதன் முதல்வராக நெடுங்காலம் இருந்தார். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர். கடற்கரையில் அந்தச் சிலையின் நிழலில் சுண்டல் தின்ற நாமெல்லாம் சென்னையின் நவீன கலையைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டோம். பெயர்தான் தெரியாமல் இருந்தது. அவருக்குப் பின் முதல்வரானவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். ஐரோப்பிய ஓவியத்தின் எதிரொலியாக இல்லாமல் இந்த மண்ணுக்குரிய நவீன ஓவியம் எப்படி இருக்கும் என்று அவரும், எஸ். தனபால், எல். முனுசாமி, சந்தானராஜ் போன்றவர்களும் தேடினார்கள். அந்தத் தேடலைத்தான் ‘மெட்ராஸ் கலை இயக்கம்’ என்கிறார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது கோடு. செப்புத் திருமேனியில் உள்ள கோடு, கோயில் சுவரோவியத்தின் கோடு, ஓலைச்சுவடி எழுத்தின் கோடு, வாசலில் இழுக்கும் கோலத்தின் கோடு. வங்கத்திலும் பம்பாயிலும் அன்றைக்கு வரைந்தவர்களிடமிருந்து சென்னை ஓவியர்களைப் பிரித்துக் காட்டுவது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மறந்துவிட்டுப் பலர் திரும்பிப் போகிறார்கள்.

சோழமண்டலம் என்கிறார்களே, அங்கே என்ன பார்க்கலாம்?

ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் இருக்கும் ஓவியர் கிராமம் அது. மாமல்லபுரம் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் படித்து முடித்த மாணவர்கள் வேலைக்காக வரைவதைக் கைவிடும்படி ஆகிவிடுகிறதே என்ற கவலையில் பணிக்கர் எடுத்த முயற்சி இது. 1966-இல், கடலோரச் சவுக்கும் மணலுமாக இருந்த நிலத்தைக் கலைஞர்கள் சேர்ந்து வாங்கினார்கள். அதற்குப் பணம் வந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர்கள் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் கோடாக இழுத்து, சாயத்தில் முக்கி எடுக்கும் வேலை. பகலில் கைவினை, மிச்ச நேரத்தில் ஓவியம். யாரிடமும் கையேந்தாமல் வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டார்கள்.

இன்று அங்கே மெட்ராஸ் இயக்கத்தினரின் படைப்புகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மாறிவரும் கண்காட்சிகளுக்குத் தனி அறைகளும், மரங்களுக்கடியில் கல்லும் உலோகமுமாகச் சிற்பத் தோட்டமும் உண்டு. பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் போல, தகட்டை அடித்து முன்பக்கம் மட்டும் நம்மைப் பார்க்கும்படி செய்திருப்பார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் சிற்பங்களும் அப்படித்தான் நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். கே. ராமானுஜம் இங்கே வாழ்ந்து 1973-இல் இளம் வயதிலேயே மறைந்தவர். மையில் நுணுக்கமாக இழைத்த அவருடைய கனவு மாளிகைகளை எங்கே கண்டாலும் பக்கத்தில் போய், மூக்கு உரசும் தூரத்தில் நின்று பாருங்கள். அவ்வளவு தனிமையை அவ்வளவு அலங்காரமாக வரைந்தவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

என் அம்மாவை ஒருமுறை பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்றின் முன் நிறுத்தினேன். அறுபதுகளில் அவர் தொடங்கிய வரிசை அது. கட்டங்கள், எழுத்துப் போலத் தோன்றி எழுத்தாகாத வரிகள், சின்னச் சின்ன உருவங்கள். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘இது யாருடைய ஜாதகம்?’ என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பணிக்கர் உண்மையிலேயே ஜாதகக் கட்டங்களிலிருந்துதான் அந்த வடிவங்களை எடுத்தார். புத்தகம் படித்து நான் தெரிந்துகொண்டதை அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

சில படங்கள் சின்னப் பிள்ளைக் கிறுக்கல் போல இருக்கின்றனவே. இதை நானே வரைவேனே?

வரைந்து பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளும் மைப்பேனாவும் எடுத்து, பார்த்த படத்தில் ஒரு மூலையை மட்டும் நினைவிலிருந்து வரையுங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறது என்று தெரியும். அடுத்த முறை அதே படத்தைப் பார்க்கும்போது அந்த இடத்துக்குத்தான் கண் முதலில் போகும்.

தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது ஓவியர் கே.எம். ஆதிமூலத்தை. சிற்றிதழ்களும் புத்தக அட்டைகளும் வழியாக அவருடைய கோடு பலருக்கும் பழக்கமானதுதான். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. கறுப்பு மையில் அள்ளி வீசியது போன்ற கோடுகள். ஆனால் தள்ளி நின்றால் அது கிழவரின் நடை என்பதில் சந்தேகமே வராது. உருவத்தை அவ்வளவு உறுதியாகப் பிடிக்கத் தெரிந்த அதே மனிதர் பின்னாளில் உருவத்தையே விட்டுவிட்டு, வண்ணப் பரப்புகளால் ஆன பெரிய அரூப ஓவியங்களை வரைந்தார். வரையத் தெரியாததால் யாரும் அரூபத்துக்குப் போவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாப் படமும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. உள்ளீடற்ற படங்களும் கண்காட்சிகளில் தொங்கத்தான் செய்கின்றன. ஐம்பது படம் பார்த்தால் எது அப்படிப்பட்டது என்று உங்களுக்கே புலப்படத் தொடங்கும்.

ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்?

நான் உடன் வருகிறவர்களுக்குச் சொல்வது இது. முதலில் எதையும் படிக்காமல் அறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தப் படம் இழுத்ததோ அதற்குத் திரும்பி வாருங்கள். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஐந்து நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். இரண்டாவது நிமிடத்தில் போனை எடுக்கத் தோன்றும். அதைக் கடந்துவிட்டால் படம் மெல்லத் திறக்கும். சுவரில் உள்ள குறிப்பை அதற்குப் பிறகு படியுங்கள். முதலிலேயே படித்துவிட்டால் குறிப்பில் சொன்னதை மட்டுமே படத்தில் தேடுவோம்.

ஒரு கண்காட்சியில் மூன்று படங்களை இப்படிப் பார்த்தாலே அன்றைய நாள் வீண்போகவில்லை.

விளக்கக் குறிப்புகள் தமிழில் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. இது எனக்கு நெடுநாள் வருத்தம். திருவண்ணாமலையிலிருந்தும் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியிலிருந்தும் வந்தவர்கள் வரைந்த படங்கள்; வரைந்தவர் தமிழில் யோசித்து, தமிழில் பேசுகிறவர்; பார்க்க வருகிறவரும் தமிழர். இடையில் உள்ள அந்தச் சிறு அட்டை மட்டும் ஆங்கிலம், அதுவும் படித்தவர்களுக்கே புரியாத ஆங்கிலம். வருகையாளர் ஏட்டில் தமிழ்க் குறிப்பு வேண்டும் என்று நான் எழுதாமல் வந்ததில்லை. நீங்களும் எழுதுங்கள். பலர் கேட்டால் மாறும்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது: ஓவியரிடமே கேட்பது. லலித் கலா அகாடமியின் கூடங்களைக் கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துச் சில நாட்கள் கண்காட்சி நடத்துவது உண்டு. அந்த நாட்களில் ஓவியர் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ‘இந்தப் படத்தை எப்படித் தொடங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். ‘இதன் அர்த்தம் என்ன?’ என்று கேட்டால் பலர் சங்கடப்படுவார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் நேரம் போவதே தெரியாமல் பேசுவார்கள். அதே வளாகத்தில் சிற்பம், சுடுமண், அச்சோவியப் பட்டறைகளும் இருக்கின்றன. அச்சோவியம் என்பது தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ வரைந்து தாளில் அச்செடுக்கும் படம். வேலை நடக்கும்போது அனுமதி கேட்டு எட்டிப் பார்க்கலாம்.

படத்தின் பக்கத்தில் உள்ள அட்டையை எப்படிப் படிப்பது?

ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, என்ன அளவு. இவ்வளவுதான் வழக்கமாக இருக்கும். ‘தலைப்பில்லை’ என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். சொல்லைக் கொண்டு உங்களை ஒரு பக்கம் தள்ள ஓவியர் விரும்பவில்லை, அவ்வளவே. அச்சோவியத்தின் அடியில் பென்சிலால் 3/25 என்று இருந்தால், இருபத்தைந்து படிகள் எடுத்ததில் இது மூன்றாவது. சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. அட்டையில் விலை இருக்காது. மேசையில் கேட்டால் பட்டியல் தருவார்கள்.

ஒரே நாளில் எத்தனை இடங்களுக்குப் போகலாம்?

இரண்டு. மூன்றாவது இடத்தில் கண் களைத்துவிடும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தைக் காலையில் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குப் போவது ஒரு நல்ல நாள். கிரீம்ஸ் சாலைக்கு ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையத்தில் இறங்கலாம். இன்னொரு நாள் நுங்கம்பாக்கம்: அங்கே அப்பாராவ் கேலரி இருக்கிறது, கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் ஃபிரான்ஸேஸில் அவ்வப்போது புகைப்படக் கண்காட்சிகளும் ஓவியக் கண்காட்சிகளும் நடக்கும். அடையாறில் ஃபோரம் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சோழமண்டலம் போவது மூன்றாவது வழி. அரை நாள் கூடுதலாக இருந்தால் தட்சிணசித்ரா வரை போகலாம். பழைய தென்னிந்திய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய இடம் என்றே அதைப் பலர் அறிவார்கள். உள்ளே தற்காலக் கலைக்கான கூடங்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தனியார் இடங்கள் பல ஞாயிறு அன்று மூடியிருக்கும். ஒரு கண்காட்சியை எடுத்துவிட்டு அடுத்ததை மாட்டும் நாட்களிலும் கதவு சாத்தியிருக்கும். ஆகவே கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வார இறுதி மாலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சோழமண்டலத்துக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. சிற்பத் தோட்டத்தில் வெளிச்சமும் அப்போது சாய்வாக விழும்.

எப்போது எங்கே கண்காட்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கலைக்கூடத்துக்குப் போகும்போது மேசையில் உள்ள மற்ற அழைப்பிதழ்களைப் பாருங்கள். ஓர் இடம் அடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான கூடங்கள் இன்ஸ்டாகிராமில் அறிவிக்கின்றன. திறப்பு விழா மாலைக்கு அழைப்பு இல்லாமலும் போகலாம்; பேச்சும் தேநீரும் இருக்கும், ஓவியர்களைச் சந்திக்கலாம். படம் பார்க்க மட்டும் அது ஏற்ற நேரம் அல்ல. கூட்டத்தின் முதுகுதான் தெரியும்.

புகைப்படத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் சென்னை ஃபோட்டோ பியன்னாலே என்ற புகைப்படத் திருவிழாவைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016-இல் தொடங்கியது. 2019-இல் நடந்த இரண்டாவது பதிப்பைத் தொகுத்தவர் புகைப்படக் கலைஞர் புஷ்பமாலா. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்திலும், எழும்பூர் கவின் கலைக் கல்லூரியிலும் அப்போது படங்கள் வைக்கப்பட்டிருந்தன. வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குள் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நுழைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கட்டடத்துக்குள் போகாமலே பார்க்கக் கூடியது ஏதாவது?

கண்ணகி நகர். நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. 2020-இன் தொடக்கத்தில் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பல கலைஞர்கள் மாடி உயரத்துக்குச் சுவரோவியங்கள் வரைந்தார்கள். போகலாம், ஆனால் அது மக்கள் குடியிருக்கும் தெரு. துணி உலர்த்துகிறவரையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தேநீர்க் கடையில் உட்காருங்கள், பேசுங்கள். எந்தச் சுவர் யாருக்குப் பிடிக்கும் என்று அங்குள்ள சிறுவர்கள் அழைத்துப் போய்க் காட்டுவார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கட்டாயம். பெரியவர்களைவிட அவர்களோடு போவது எளிது. சிற்பத்தைத் தொடக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். நான் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இங்கிருந்து ஒரே ஒரு படத்தை நம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் எதை எடுப்பாய்?’ உடனே ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பிடத் தொடங்குவார்கள். ஓவியர் ஆர்.பி. பாஸ்கரன் வரைந்த பூனைகளைப் பார்த்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, ‘இந்தப் பூனைக்கு நம்மைப் பிடிக்கவில்லை’ என்றது. அதைவிடச் சரியாக ஒரு விமர்சகர் சொல்லிவிட முடியாது.

புகைப்படம் எடுக்கலாமா?

பல இடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க விடுவார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். வெளியிடும்போது ஓவியரின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள்.

வயதானவர்களுக்கு வசதியாக இருக்குமா?

இடத்துக்கு இடம் மாறும். பழைய வீடுகளைக் கலைக்கூடமாக மாற்றிய இடங்களில் படிகள் உண்டு. சக்கர நாற்காலி போகுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சோழமண்டலத்திலும் தட்சிணசித்ராவிலும் வெட்டவெளியில் நடக்க வேண்டியிருக்கும். சித்திரை வைகாசியில் நண்பகலைத் தவிர்க்கவும். நாற்காலி கேட்டால் எங்கும் மறுத்துப் பார்த்ததில்லை.

ஒரு படம் வாங்க ஆசை. நம்மால் முடியுமா?

முடியும். புகழ்பெற்றவர்களின் பெரிய ஓவியங்களை விட்டுவிடுங்கள். கவின் கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகளிலும் இளம் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் காட்சிகளிலும் தாளில் வரைந்த சிறிய படங்களைப் பாருங்கள். அச்சோவியம் பல படிகள் எடுக்கப்படுவதால் விலை குறையும். ஒவ்வொன்றும் ஓவியர் கையாலேயே எடுத்ததுதான். தவணையில் தரலாமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். என் வீட்டில் உள்ள முதல் படம் மூன்று மாதத் தவணையில் வந்தது. ஓவியரின் கையெழுத்து, ஆண்டு, எதில் வரைந்தது என்ற விவரங்களோடு ஒரு சான்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் படம் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள். வீட்டில் நேர் வெயில் விழாத சுவராகத் தேர்ந்தெடுத்து மாட்டுங்கள். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்துக் கடற்காற்றின் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.